நீண்டநாள் உழைக்கும் மடிக்கணினியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

 

இரப்பர்க் கன்றை நட்டு 5 முதல் 7 ஆண்டுகள் காத்திருந்த பின்னரே அம்மரத்தில் நாம் பால் வெட்டத் தொடங்குகிறோம். அதன்பின் ஏறத்தாழ 25 ஆண்டுகள் அம்மரம் நமக்குப் பயன் தருகிறது. ஆகவேதான் நடும் நாளிலேயே நல்ல இன ஒட்டுக்கன்றாகத் தேர்ந்து நடுகிறார்கள். உரத்தைப் பிறகும் இடலாம். களையைப் பிறகும் எடுக்கலாம். ஆனால், கன்றின் இனத்தைப் பிறகு மாற்ற இயலாது. முதல் நாளில் செய்த தவறு, மரம் நிற்கும் காலமெல்லாம் தொடரும்.

மடிக்கணினி வாங்குவதும் இத்தகையதே. அதில் பிற்காலத்தில் மாற்றக்கூடிய உறுப்புகளும் உள்ளன. மாற்றவே இயலாத உறுப்புகளும் உள்ளன. எவை எவை என்று அறிந்து, மாற்ற இயலாதவற்றிற்கு முதலிடம் கொடுத்து வாங்குவதே அறிவுடைமையாகும். இக்கட்டுரையில் நாம் கற்கவிருக்கும் பாடம் இதுவே.

இப்பாடத்தின் தேவை

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டிலிருந்தே கற்கும் நிலை உண்டாயிற்று. அதுவரை கணினியைப் பற்றி எண்ணியே பாராத பல குடும்பங்கள், பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டு, அவசர அவசரமாகக் கடைகளுக்குச் சென்று மடிக்கணினி வாங்கின.

நாம் அறிந்த தோட்டக் குடும்பம் ஒன்றும் அவ்வாறே வாங்கியது. தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளர். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த மூத்த மகளுக்காக, 24 மாதத் தவணையில் ஒரு மடிக்கணினியை வாங்கினார். பார்வைக்கு அழகாயிருந்தது, எடையும் குறைவு, விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. முதலாண்டு நன்றாகவே இயங்கியது. மறு ஆண்டில், இணைய வகுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டுரை எழுத முற்பட்டால் கணினி அசையாது நின்றுவிடும். பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்றார்கள். அவர் அடிப்பக்க மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதில் நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே உள்ளது; அதுவும் பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. கூட்டுவதற்கு வழியில்லை" என்று கூறிவிட்டார். அப்போது தவணையில் இன்னும் 5 மாதங்கள் பாக்கியிருந்தன.

"வாங்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லையே, ஐயா" என்று அத்தந்தையார் வருந்திக் கூறிய சொல் இன்றும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. உழைத்துச் சேர்த்த பணம் வீணாகாதிருக்க, கேட்க வேண்டியவற்றை அறிந்து கேட்டல் வேண்டும். அதற்குத் துணைபுரியும் நோக்கத்துடனேயே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

அன்றும் இன்றும்

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'ஆஸ்பார்ன் 1' எனும் கணினி விற்பனைக்கு வந்தது. எடுத்துச் செல்லத்தக்க கணினி என்று அதனைப் போற்றினர். அதன் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். திரையின் அளவு 5 அங்குலம். விலை 1,795 அமெரிக்க டாலர். அதன் நினைவகமோ 64 கிலோபைட் மட்டுமே. இன்று 16 ஜி.பி. நினைவகம் கொண்ட மடிக்கணினி, ஆஸ்பார்னின் நினைவகத்தைப் போல் 2,62,144 மடங்கு கொண்டது. நினைவகத்தின் தேவை ஆண்டுதோறும் வளர்ந்தே வந்திருக்கிறது. குறைந்ததாக வரலாறு இல்லை. இன்றைக்குச் சரியாயிருக்கும் அளவு, ஆறாண்டுகள் கழித்துப் போதாமற் போகக்கூடும் என்பதனை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

கணினியின் மூன்று முக்கிய உறுப்புகள்

மடிக்கணினியின் உள்ளே பல உறுப்புகள் இருப்பினும், வாங்குவோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, மையச் செயலகம். கட்டளைகளை நிறைவேற்றிக் கணக்கிடும் சில்லு இதுவே.

இரண்டாவது, நினைவகம். கடைக்காரர்கள் 'ரேம்' என்று கூறுவது இதனையே. கணினி அந்த நேரத்தில் செய்துகொண்டிருக்கும் வேலைகளை மட்டும் இது தாங்கி நிற்கும். மின்சாரம் நின்றால் இதிலுள்ளவை யாவும் அழிந்துவிடும்.

மூன்றாவது, சேமிப்பகம். நாம் எழுதிய கட்டுரைகள், படங்கள், பாடங்கள் ஆகியவற்றை இது நிலையாகக் காத்து வைக்கும். கணினியை அடைத்தாலும் இதிலுள்ளவை அழியா.

நினைவகமும் சேமிப்பகமும் ஒரே அளவையால், அதாவது ஜி.பி. எனும் ஜிகாபைட் கணக்கால், குறிக்கப்படுகின்றன. அதனால் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குகின்றனர். "256 ஜி.பி. இருக்கிறது, நினைவகம் மிகுதி" என்று விளம்பரத்தைக் கண்டு நம்பிவிடுகின்றனர். இம்மயக்கத்தைத் தீர்க்க நம் தோட்டத்துக் காட்சியொன்றே போதும்.

பால் எடுக்கும் வேளையில் தொழிலாளர் மங்குகளில் உள்ள பாலைத் தம் வாளியில் ஊற்றிச் சேர்ப்பார். வாளி நிறைந்ததும் பால் நிறுக்கும் கொட்டகைக்குச் சென்று அங்குள்ள பெரிய தொட்டியில் சேர்ப்பார். கையிலுள்ள வாளியே நினைவகம். கொட்டகையிலுள்ள தொட்டியே சேமிப்பகம். தொட்டி எவ்வளவு பெரியதாயிருப்பினும், கையிலுள்ள வாளி சிறியதாயின் என்ன நேரும்? நாலு மரத்துப் பாலை எடுத்ததும் கொட்டகைக்கு ஓட வேண்டும். மீண்டும் வந்து நாலு மரம் பார்க்க வேண்டும். பால் எடுப்பதற்காகும் நேரத்தைவிட நடப்பதற்காகும் நேரமே மிகுதியாகும்.

நினைவகம் குறைந்த கணினியிலும் இதுவே நிகழ்கிறது. நினைவகம் நிரம்பியவுடன் கணினி, தன் வேலையில் ஒரு பகுதியைச் சேமிப்பகத்தில் இறக்கி வைக்கிறது; தேவைப்படும்போது மீண்டும் எடுத்து வருகிறது. சேமிப்பகம் நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. ஆகையால் கணினி தடுமாறுகிறது. மகள் கட்டுரை எழுதுகையில் கணினி அசையாது நின்றதன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

எவ்வளவு நினைவகம் தேவை?

ஒரு மாணவர் பாட வேளையில் என்னென்ன திறந்து வைத்திருப்பார் என்று எண்ணிப் பார்ப்போம். விண்டோஸ் 11 எனும் இயங்குதளமும் அதனுடன் தாமாகவே இயங்கும் சிறு நிரல்களும் 3 முதல் 4 ஜி.பி. வரை எடுத்துக்கொள்வது வழக்கம். அதன்மேல் இணைய உலாவியில் பத்துப் பக்கங்கள், காணொலி வகுப்பு, கட்டுரை எழுதும் நிரல் ஆகியவை சேரும். இவற்றிற்கு மேலும் 2 முதல் 4 ஜி.பி. தேவைப்படும். பெரும்பாலான விலை குறைந்த கணினிகளில் படங்காட்டும் சில்லுக்கெனத் தனி நினைவகம் கிடையாது. அதுவும் இதே நினைவகத்தில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்ளும்.

இக்கணக்கின்படி நாம் கூறும் அளவுகள் பின்வருமாறு:

4 ஜி.பி.: விண்டோஸ் 11 இயங்குவதற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் விதித்துள்ள மிகக் குறைந்த அளவு இது. இயங்கும் என்பது வேறு. நன்றாக இயங்கும் என்பது வேறு. நீண்டநாள் பயனுக்கு இதனை வாங்குதல் கூடாது.

8 ஜி.பி.: எழுதுதல், படித்தல், இணைய வகுப்பு ஆகியவற்றிற்கு இன்று போதுமானது. எனினும், பின்னர்க் கூட்டுவதற்கு இடமுள்ள கணினியாயின் மட்டுமே இவ்வளவை ஏற்கலாம்.

16 ஜி.பி.: ஆறு, ஏழு ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்று கருதுவோர்க்கு ஏற்ற அளவு. நினைவகம் பற்றவைக்கப்பட்ட கணினியாயின் இதற்குக் குறைந்து வாங்கலாகாது.

32 ஜி.பி.: காணொலி தொகுத்தல், பொறியியல் வரைபடம் போன்ற கடும் பணிகளுக்குரியது. பள்ளி மாணவர்க்கு இது தேவையில்லை. தேவையற்ற அளவுக்குப் பணம் கொடுப்பதும் வீண்செலவே.

நம் கூற்றுக்குச் சான்றாக ஒன்றைக் காட்டலாம். ஆப்பிள் நிறுவனம் நெடுங்காலம் தன் மேக்புக் ஏர் கணினிகளின் அடிப்படை மாதிரிகளில் 8 ஜி.பி. நினைவகமே வைத்து விற்றுவந்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் விலையை உயர்த்தாமலேயே அவ்வளவை 16 ஜி.பி.யாக மாற்றியது. காலம் எத்திசையில் செல்கிறது என்பதனை இதனால் அறியலாம்.

பற்றவைக்கப்பட்டதா? செருகப்பட்டதா?

மடிக்கணினியில் நினைவகம் இரு வகையாக அமைந்திருக்கும். ஒரு வகையில், விரல் நீளமுள்ள சிறிய அட்டை ஒன்று தாய்ப்பலகையிலுள்ள காடியில் செருகப்பட்டிருக்கும். இதனைக் கழற்றிவிட்டுப் பெரிய அளவுள்ள அட்டையைச் செருகலாம். மற்றொரு வகையில், நினைவகச் சில்லுகள் தாய்ப்பலகையோடு நேரே பற்றவைக்கப்பட்டிருக்கும். இவற்றைச் சாதாரணமாக மாற்ற இயலாது. மெல்லியதாகவும் எடை குறைந்ததாகவும் உள்ள கணினிகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. 2020ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த எம்1 சில்லுடைய மேக்புக் ஏரிலும் அதனைத் தொடர்ந்து வந்த மாதிரிகளிலும் நினைவகத்தைப் பின்னர்க் கூட்டவே இயலாது. வேறு சில கணினிகளில் ஒரு பகுதி பற்றவைக்கப்பட்டும், கூடுதலாக ஒரு காடி விடப்பட்டும் இருக்கும்.

ஒரே பெயர் கொண்ட இரு மாதிரிகளில்கூட இவ்வமைப்பு வேறுபடலாம். ஆகவே, கணினியின் முழு மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்நிறுவனமே வெளியிட்டுள்ள விவரப் பட்டியலைப் பார்ப்பது நலம். அப்பட்டியலில் மொத்தக் காடிகள் எத்தனை, கூட்டக்கூடிய உச்ச அளவு எவ்வளவு என்பன குறிக்கப்பட்டிருக்கும்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ள வேண்டும். "நினைவகத்தைப் பிறகு மலிவாக வாங்கிக் கூட்டிக்கொள்ளலாம்" என்று எண்ணியிருப்பது எப்போதும் பலிப்பதில்லை. 2025ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்காகக் கட்டப்படும் பெரும் கணினி நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பேரளவில் வாங்கியதால், உலகெங்கும் அவற்றின் விலை கடுமையாக உயர்ந்தது. செம்பனை, இரப்பர் விலைகளைப் போலவே சில்லுகளின் விலையும் ஏறி இறங்கும். ஆதலால், இயன்றவரை தேவையான அளவைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவது பாதுகாப்பானது.

சேமிப்பகம்

முற்காலத்துக் கணினிகளில் சுழலும் வன்தட்டு இருந்தது. இப்போது அசையும் உறுப்பில்லாத 'எஸ்.எஸ்.டி.' எனும் வகை பெருவழக்காகிவிட்டது. இது விரைவானது, அதிர்ச்சியையும் ஓரளவு தாங்கும். ஆனால் மிக மலிவான சில கணினிகளில் 'இ.எம்.எம்.சி.' எனும் மெதுவான வகை, 64 அல்லது 128 ஜி.பி. அளவில் பற்றவைக்கப்பட்டிருக்கும். இதனைத் தவிர்த்தல் வேண்டும்.

மாணவர்க்கு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போதும், 512 ஜி.பி. இருப்பின் மிக நன்று. பெரும்பாலான கணினிகளில் எஸ்.எஸ்.டி. கழற்றி மாற்றக்கூடியதாக இருப்பதால், பணம் குறைவாக உள்ளவர்கள் இங்கே சிக்கனம் பிடிக்கலாம். "16 ஜி.பி. நினைவகமும் 256 ஜி.பி. சேமிப்பகமும்" உள்ள ஒன்று, "8 ஜி.பி. நினைவகமும் 512 ஜி.பி. சேமிப்பகமும்" உள்ள ஒன்று, இரண்டும் ஒரே விலையாயின், முன்னதையே தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னதில் குறைவாயிருப்பது பிறகு வாங்கக்கூடியது. பின்னதில் குறைவாயிருப்பது பிறகு கிட்டாமற் போகக்கூடியது.

மாணவர்களே! 256 ஜி.பி. என்று வாங்கிய சேமிப்பகம் விண்டோஸில் 238 ஜி.பி. என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என எண்ண வேண்டா. சேமிப்பகம் செய்வோர் ஒரு ஜி.பி.யை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகின்றனர். விண்டோஸோ 1,024 × 1,024 × 1,024 பைட்டுகளை ஒரு ஜி.பி. எனக் கொள்கிறது. அளவுகோல் வேறாதலால் எண் வேறாகிறது, பொருள் ஒன்றே.

மாதிரி எண்ணைப் படித்தறிதல்

மையச் செயலகத்தின் பெயரில் முன்னே நிற்கும் சொல்லை மட்டும் பார்ப்பது போதாது. இன்டெல் நிறுவனத்தின் 'ஐ5' எனும் பெயர் பல்லாண்டுகளாக வழங்கி வந்தது. ஐ5-8250யூ என்பது 8ஆம் தலைமுறை. ஐ5-1235யூ என்பது 12ஆம் தலைமுறை. இரண்டும் ஐ5 எனினும் இரண்டிற்கும் இடையே சில ஆண்டுகள் உள்ளன. முன்னே வரும் எண்களே தலைமுறையைக் காட்டும்.

புதிய பெயருக்குள் பழைய சரக்கு இருத்தலும் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 7520யூ எனும் சில்லு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதல் எண் 7 என்பதால் மிகப் புதியது போலத் தோன்றும். ஆனால் உள்ளமைப்பைக் காட்டுவது மூன்றாம் எண். அது 2 என்பதால், உள்ளிருப்பது 2019ஆம் ஆண்டில் அறிமுகமான 'ஸென் 2' எனும் அமைப்பாகும். ரைசன் 5 7530யூ என்பதில் மூன்றாம் எண் 3. அது அடுத்த அமைப்பு. ஓரெண் மாறினாற்கூடப் பொருள் மாறுகிறது. அடையாள அட்டையின் எண்ணைச் சரிபார்ப்பது போல, மாதிரி எண்ணையும் ஓரெண் விடாமல் எழுதிச் சரிபார்க்க வேண்டும்.

இயங்குதளத்தின் ஆயுள்

கணினி உடையாமலே பயனற்றுப் போகவும் கூடும். இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனம், குறிப்பிட்ட காலம் வரையே பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கும். விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தது, 8.4.2014இல் ஆதரவு நின்றது. விண்டோஸ் 7 வந்தது 2009இல். ஆதரவு நின்றது 14.1.2020இல். விண்டோஸ் 10 வந்தது 2015இல்; அதன் பொதுவான ஆதரவு 14.10.2025இல் முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு 'டி.பி.எம். 2.0' எனும் பாதுகாப்பு அமைப்பும், இன்டெல்லாயின் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய சில்லும் தேவை. அதனால் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த பல கணினிகள் புதிய தளத்திற்கு மாற இயலாமல் நின்றுவிட்டன.

குரோம்புக் வகைக் கணினிகளுக்கும் காலவரையறை உண்டு. 2021ஆம் ஆண்டு முதல் வந்த மாதிரிகளுக்கு 10 ஆண்டுகள் திருத்தங்கள் வழங்கப்படும் என்று கூகுள் நிறுவனம் 2023இல் அறிவித்தது. இந்தப் பத்தாண்டு, நாம் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதன்று. அம்மாதிரியின் அடிப்படை அமைப்பு வெளிவந்த நாளிலிருந்து தொடங்குவது. ஆகவே, கடையில் நெடுநாள் கிடந்த பழைய மாதிரியை மலிவாக வாங்கினால், ஆயுளில் ஒரு பகுதி முன்னரே கழிந்திருக்கும்.

வரவும் செலவும்

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். இவ்விலைகள் கணக்கிற்காகக் கொண்டவையே.

ஒரு கணினியின் விலை 1,500 வெள்ளி. 3 ஆண்டுகளே நன்கு உழைக்கும். மற்றொன்றின் விலை 2,400 வெள்ளி. 6 ஆண்டுகள் உழைக்கும். முதலாவதற்கு ஆண்டொன்றுக்கு 500 வெள்ளி. இரண்டாவதற்கு ஆண்டொன்றுக்கு 400 வெள்ளி. ஆறாண்டுகளில் முதல் வகையை இருமுறை வாங்கி 3,000 வெள்ளி செலவழிப்போம். விலை குறைந்தது உண்மையில் மலிவானதன்று என்பது இதனால் தெளிவாகிறது.

அதற்காகக் கடன்பட்டு விலையுயர்ந்ததை வாங்குங்கள் என்று நாம் கூறவில்லை. அதே 2,400 வெள்ளிக் கணினியை மாதம் 130 வெள்ளி வீதம் 24 மாதத் தவணையில் வாங்கினால் மொத்தம் 3,120 வெள்ளியாகும். கூடுதலாகச் செலுத்துவது 720 வெள்ளி. பிள்ளை ஐந்தாம் ஆண்டில் கால் வைக்கும்போதே மாதம் 100 வெள்ளி சேமிக்கத் தொடங்கினால், ஆறாம் ஆண்டு முடிவில் 2,400 வெள்ளி கையிலிருக்கும். இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் வேளையில் கடனின்றி வாங்கலாம். தொடக்கப்பள்ளிப் பருவத்தில் பிள்ளைக்குத் தனிக் கணினி கட்டாயமன்று. இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில், ஆளுக்கொன்றாக மெலிந்த கணினிகள் வாங்குவதினும், நல்லதொன்றை வாங்கி நேரம் பிரித்துப் பயன்படுத்துவது சிறந்தது.

அவ்வளவும் இயலாதோர் முன்பு பயன்படுத்திய கணினியை நாடலாம். அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு விற்கும் கணினிகள் பெரும்பாலும் உறுதியாகச் செய்யப்பட்டவை. பலவற்றில் நினைவகத்தைக் கூட்டவும் இடமுண்டு. விண்டோஸ் 11 ஏற்குமா, கடவுச்சொற் பூட்டு ஏதும் உள்ளதா, மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பனவற்றைக் கடையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். மின்கலம் தேய்ந்திருப்பின் அதற்காகும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

வருமான வரி செலுத்தும் பெற்றோர் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துக. 2017ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் உள்ள 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறை வரிக்கழிவில், கணினி வாங்கிய செலவும் அடங்கும்.

பேணும் முறை

எவ்வளவு நல்ல ஒட்டுக்கன்றாயினும் பேணாவிடில் பயன் தராது. நம் நாடு இடிமின்னல் மிகுந்த நாடு. இடி இடிக்கும்போது மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். மெத்தையின் மீது வைத்துப் பயன்படுத்தினால் காற்றோட்டம் தடைப்பட்டுக் கணினி சூடேறும். தின்பண்டத் துணுக்குகள் எறும்புகளை உள்ளே அழைத்துவரும். நாள்தோறும் மின்கலத்தை முற்றிலும் வற்றவிடுதலும், நெடுநேரம் வெயிலில் வைத்தலும் அதன் ஆயுளைக் குறைக்கும். முக்கியமான பாடங்களை வேறோரிடத்தில் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய வினாக்கள்

அன்று அத்தந்தையார் கேட்க அறியாதிருந்த வினாக்களை இங்கே தொகுத்துத் தருகிறோம். மாணவர்கள் இவற்றை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுப்பார்களாக.

1. முழு மாதிரி எண் என்ன? அதனை எழுதித் தர இயலுமா?
2. ரேம் எத்தனை ஜி.பி.? அது பற்றவைக்கப்பட்டதா, செருகப்பட்டதா?
3. வெற்றுக் காடி உள்ளதா? எத்தனை ஜி.பி. வரை கூட்டலாம்?
4. சேமிப்பகம் எஸ்.எஸ்.டி.யா? கழற்றி மாற்றலாமா?
5. மையச் செயலகத்தின் முழு எண் என்ன?
6. பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை கிடைக்கும்?
7. உத்தரவாதம் எத்தனை ஆண்டு? மின்கலமும் அதில் அடங்குமா? மாற்று மின்கலம் கிடைக்குமா?

இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை கூறாத கடையில் அன்றே வாங்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. வீட்டிற்குத் திரும்பி, விசாரித்து, மறுவாரம் வாங்குவதால் நட்டமொன்றும் நேராது. கேட்பதற்கு நாணுதலும் வேண்டா. நம் பணத்தைக் கொடுத்து வாங்கும் பொருளைப் பற்றிக் கேட்பது நம் உரிமையாகும்.

முடிவுரை

மின்கலம் தேய்ந்தால் மாற்றலாம். சேமிப்பகம் போதாவிடில் பெரிதாக்கலாம். பற்றவைத்த நினைவகத்தையும் மையச் செயலகத்தையும் மாற்ற இயலாது. எனவே, மாற்ற இயலாததற்கு முதலில் பணத்தை ஒதுக்குக. மாற்றக்கூடியதில் சிக்கனம் பிடிக்க. கடையில் நிற்கும் ஒரு நாளை மட்டும் கருதாமல், பிள்ளை படித்து முடிக்கப்போகும் இறுதி ஆண்டைக் கருதித் தேர்ந்தெடுப்போமாக. கணினி ஒரு கருவியே, கற்பவர் நாமே. நல்ல கருவியைத் தெரிந்து வாங்கி, அதனைக் கல்விக்கே பயன்படுத்தி, பெற்றோரின் வியர்வைக்குப் பெருமை சேர்ப்பீர்களாக!

பயிற்சி

1. நினைவகத்திற்கும் சேமிப்பகத்திற்கும் உள்ள வேறுபாட்டை உன் சொந்த வாக்கியத்தில் எழுதுக.
2. விலை 2,100 வெள்ளியுள்ள கணினி 7 ஆண்டுகள் உழைத்தால், ஆண்டொன்றுக்கு ஆகும் செலவு எவ்வளவு?
3. மாதம் 95 வெள்ளி வீதம் 24 மாதத் தவணையில் வாங்கிய கணினியின் ரொக்க விலை 1,800 வெள்ளி. கூடுதலாகச் செலுத்திய தொகை எவ்வளவு?
4. உன் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணினி ஒன்றின் நினைவக அளவைக் கண்டறிந்து எழுதுக.